அணு வரிசை கலங்கித் தெரிந்தால்: அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

படிகத்தின் அணு வரிசையைப் படமெடுக்க வருகிறவர்கள் பாதி நாள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, கரெக்டர் கெட்டுப்போச்சுங்களா?" கெட்டுப்போயிருப்பது அபூர்வம். கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு போகும் வழியில், வாளையாறு எல்லையை ஒட்டி எங்கள் ஆய்வுக்கூடம். இங்கே இருப்பது 200 கிலோவோல்ட் ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கி. நாங்கள் டெம் என்றே சொல்வோம். பிம்பப் பக்கத்தில் கோளப் பிறழ்ச்சியை, அதாவது லென்ஸின் ஓரமாகப் போகும் கற்றைகள் வேறு இடத்தில் குவியும் குறையை, திருத்தும் கரெக்டர் பொருத்தியது. படம் கெட்டால் சந்தேகப்பட வேண்டியவற்றில் கரெக்டருக்குக் கடைசி இடம். சாம்பிளின் சாய்வு, சாம்பிளின் நகர்வு, ரயில், காற்று, சில்லர் (கருவிக்குக் குளிர்ந்த தண்ணீர் தரும் இயந்திரம்) எல்லாம் அதற்கு முன்னால் வரும். ஆனால் கை முதலில் போவது கரெக்டர் பொத்தானுக்குத்தான். நன்றாக இருந்த டியூனிங்கைக் கலைத்துவிட்டால், பிழை முதலில் எங்கே இருந்தது என்பதையே கண்டுபிடிக்க முடியாது.

அதனால் கீழே உள்ளதை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் திரையில் எது தெரிகிறதோ அந்தப் பத்திக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள்.

எதையும் தொடுவதற்கு முன்

மூன்று கேள்விகள். ஃபோகஸை மாற்றினால் அறிகுறி மாறுகிறதா? எக்ஸ்போஷரைக் குறைத்தால் மாறுகிறதா? சாம்பிளில் இன்னும் மெல்லிய இடத்துக்கு நகர்ந்தால் மாறுகிறதா? ஃபோகஸோடு மாறினால் லென்ஸைப் பாருங்கள். எக்ஸ்போஷரோடு மாறினால் ஏதோ நகர்கிறது. தடிமனோடு மாறினால் சாம்பிள்தான் பேசுகிறது. இந்த மூன்றையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

இன்னொன்று, படிகத்தின் எஃப்எஃப்டியை (படத்தில் எந்தெந்த இடைவெளி எவ்வளவு பலமாக இருக்கிறது என்று காட்டும் ஃபூரியே உருமாற்றம்) வைத்து லென்ஸைத் திருத்தாதீர்கள். படிகம் சில புள்ளிகளில் மட்டும்தான் தகவல் தரும். புள்ளிகளுக்கு நடுவே லென்ஸ் என்ன செய்கிறது என்று அதில் தெரியாது. ஒழுங்கற்ற கார்பன் படலம் எல்லா இடைவெளிகளையும் ஒரே நேரத்தில் காட்டும். அதன் எஃப்எஃப்டியில் மாறி மாறி வெளிச்சமும் இருட்டுமாக வரும் தோன் வளையங்கள்தான் நம்முடைய நாடி. வளையத்தில் வெளியே போகப் போக இடைவெளி நுணுக்கமாகும். கார்பன் படலம் இல்லாத சாம்பிள் என்றால், அயனிக் கற்றையால் மெலித்த ஓரத்தில் படிகம் கெட்டுப்போன ஒரு மெல்லிய அடுக்கு எப்போதும் இருக்கும். அதைப் பயன்படுத்துங்கள்.

சாம்பிளின் உயரமும் முக்கியம். ஆப்ஜெக்டிவ் லென்ஸ் மின்னோட்டத்தை அதன் நிலையான மதிப்பில் வைத்துவிட்டு, உயரத்தை ஏற்றி இறக்கி ஃபோகஸுக்குக் கொண்டுவர வேண்டும். லென்ஸ் மின்னோட்டத்தாலேயே ஃபோகஸ் செய்து பழகியவர்கள் சாம்பிள் மாற்றும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு லென்ஸில்தான் வேலை செய்கிறார்கள். நேற்றைய டியூனிங் இன்று பொருந்தாமல் போனால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அறிகுறி: வளையங்கள் முட்டை வடிவத்தில் இருக்கின்றன

இது சுலபமானது. இரட்டை ஆஸ்டிக்மாட்டிசம் (ஒரு திசைக்கும் அதன் குறுக்குத் திசைக்கும் ஃபோகஸ் வேறாக இருப்பது), மென்பொருளில் ஏ1 என்று வரும். உறுதி செய்ய, அண்டர்ஃபோகஸிலிருந்து (லென்ஸ் பலம் குறைவு) ஓவர்ஃபோகஸுக்கு (பலம் அதிகம்) போங்கள். முட்டையின் நீள அச்சு 90 டிகிரி திரும்பினால் அது ஆஸ்டிக்தான். ஃபோகஸுக்கு மிக அருகில் முட்டை உடைந்து குறுக்குக் குறியாகவும் தெரியும். ஸ்டிக்மேட்டரில் (ஆஸ்டிக்கைத் திருத்தும் அமைப்பு) ஒரு அச்சை மட்டும் திருகி வட்டத்துக்கு அருகில் கொண்டுவந்து, பிறகு அடுத்த அச்சு. இரண்டையும் ஒரே நேரத்தில் திருகினால் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது.

எவ்வளவு சரியாக இருந்தால் போதும்? அலையின் கட்டத்தில் (phase) கால் பை (π/4) அளவு பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டால், ஏ1-இன் எல்லை இடைவெளியின் வர்க்கத்தை அலைநீளத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். 200 கிலோவோல்ட்டில் எலக்ட்ரானின் அலைநீளம் 0.00251 நானோமீட்டர். 0.2 நானோமீட்டர் இடைவெளிக்கு 4 நானோமீட்டர் ஆஸ்டிக் வரை இருக்கலாம். 0.1 நானோமீட்டர் வேண்டுமென்றால் 1 நானோமீட்டர்தான். தங்கத்தின் 111 (படிகத்தில் அடுக்குகளையும் திசைகளையும் குறிக்கும் எண்கள்) தளங்களை, அதாவது 0.235 நானோமீட்டரை, எடுப்பவருக்குக் கண்ணால் பார்த்துத் திருத்துவது போதும். சிலிக்கானை 110 திசையில் பார்த்து 0.136 நானோமீட்டர் இரட்டை அணுக்களைப் பிரிக்க நினைப்பவருக்குக் கண் போதாது, மென்பொருள் அளவிட்டுத்தான் ஆக வேண்டும்.

திருத்திய ஆஸ்டிக் இடம் மாறினால் மறுபடியும் வருகிறதா? அப்படியென்றால் ஆப்ஜெக்டிவ் துளையை (கற்றையை மட்டுப்படுத்தும் சிறு துளைத் தகடு) வெளியே எடுத்துவிட்டுப் பாருங்கள். துளை விளிம்பில் ஒட்டிய அழுக்கு மின்னேற்றம் பெற்றுத் தானே ஒரு லென்ஸாகிவிடும். துளை இல்லாமல் வட்டம் நிலைத்தால் விஷயம் முடிந்தது. அப்போதும் நிலைக்கவில்லை என்றால் சாம்பிள் மின்னேற்றம் பெறுகிறது, அல்லது சாம்பிளே காந்தப் பொருள். இரும்போ நிக்கலோ கலந்த துகள் என்றால், படமெடுக்கும் துகளுக்குப் பக்கத்துக் கார்பனிலேயே ஆஸ்டிக் பார்த்துவிட்டு உடனே எடுங்கள்.

அறிகுறி: வளையம் வட்டம்தான், ஆனால் ஒரு திசையில் வெட்டுப்பட்டிருக்கிறது

இதற்குத்தான் எங்கள் பக்கம் அதிக நேரம் செலவாகிறது. வளையங்கள் ஒரு திசையில் ஓரம் வரை போகின்றன, அதற்குக் குறுக்கே பாதியிலேயே மங்கிவிடுகின்றன. ஸ்டிக்மேட்டரைத் திருகி இதைத் திருத்த முடியாது. எக்ஸ்போஷர் முடிவதற்குள் பிம்பம் அந்தத் திசையில் நகர்ந்துவிட்டது என்பதுதான் பொருள்.

நகர்வை எஃப்எஃப்டியிலிருந்தே அளக்கலாம். சீரான நகர்வு என்றால், நகர்ந்த தூரத்துக்குச் சமமான இடைவெளியில் வளையம் முதலில் அணையும். 1 விநாடி எக்ஸ்போஷரில் 0.2 நானோமீட்டர் இடத்தில் வளையம் அணைந்திருந்தால், நகர்வு விநாடிக்கு 0.2 நானோமீட்டர், அதாவது நிமிடத்துக்கு 12. இந்த வேகத்தில் அணுப்படம் எடுக்க முடியாது. ஹோல்டர் (சாம்பிளைத் தாங்கும் கம்பி) போட்டு இன்னும் வெப்பம் சமனாகவில்லை, காத்திருங்கள்.

இப்போது எக்ஸ்போஷரைப் பாதியாக்குங்கள். வெட்டு வெளியே தள்ளிப் போகிறதா? சீரான நகர்வுதான். சாப்பிட்டுவிட்டு வாருங்கள், அடங்கிவிடும். வெட்டு அதே இடத்தில் நிற்கிறதா? அப்போது அது முன்னும் பின்னும் ஆடுகிற அதிர்வு. அதிர்வின் ஒரு சுற்றைவிட எக்ஸ்போஷர் நீளமாக இருக்கும் வரை, குறைப்பதில் பயன் இல்லை. ஆடுவது நிலமா, காற்றா, 50 ஹெர்ட்ஸ் காந்தப் புலமா என்று தேட வேண்டும்.

எங்கள் பக்கம் இந்த மூன்றுமே உண்டு. கோவை–பாலக்காடு பாதை மின்மயமானது, 25 கிலோவோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஒரு சரக்கு ரயில் வருகிறது என்றால் இரண்டு விஷயம் சேர்ந்து வரும். பாரத்தால் நிலம் மெதுவாக அதிரும். இன்ஜின் இழுக்கும் மின்னோட்டம் மேல்கம்பியில் போய்த் தண்டவாளம் வழியாகத் திரும்பும்போது காந்தப் புலம் பரவும். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினமில்லை. எஃப்எஃப்டியை நேரலையாக ஓடவிட்டு உட்காருங்கள். முதலில் வெளி வளையம் ஒரே ஒரு திசையில் மெல்ல மங்கும், படத்தில் வேறெந்த மாற்றமும் இருக்காது, ரயில் சத்தம்கூடக் காதில் விழுந்திருக்காது. அது காந்தப் புலம். பிறகு மொத்தப் படமும் நடுங்கும், வளையங்கள் திசை மாறி மாறிக் கெடும். அது நிலம். ரயில் போனதும் நடுக்கம் நின்றுவிடும், ஆனால் இன்ஜின் அடுத்த மேட்டில் ஏறிக்கொண்டிருந்தால் முதல் மங்கல் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்.

ராத்திரியில் அமைதியாக இருக்கும், அப்போது எடுக்கலாம் என்று எல்லா ஊரிலும் சொல்வார்கள். வாளையாறு காட்டுப் பகுதியில் யானைகளுக்காக ரயில்கள் இரவில் வேகம் குறைத்துப் போகின்றன. ஒவ்வொரு ரயிலும் கடந்து முடிக்க அதிக நேரம் பிடிக்கும். அதனால் இங்கே ராத்திரிக்கென்று தனிச் சிறப்பு ஒன்றும் இல்லை. ரயில் நேர அட்டவணையை மேசையில் ஒட்டிவைப்பது அதைவிடப் பயன் தரும். சரக்கு ரயில் மட்டும் எந்த அட்டவணைக்கும் அடங்காது.

காற்று விஷயம் ஆனி, ஆடியில் தெரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று இறங்கும்போது கட்டடத்துக்குள்ளே அழுத்தம் ஏறி இறங்கும். பக்கவாட்டில் செருகும் ஹோல்டரின் வெளிமுனை அறையின் காற்றில்தான் இருக்கிறது. கதவை ஒருவர் திறந்து மூடினாலே அணு வரிசை தாவுவதைப் பார்க்கலாம். ஹோல்டர் முனைமேல் மூடி போடுங்கள், ஏசியின் நேர்க்காற்று கருவிமேல் படாமல் திருப்பிவிடுங்கள், படமெடுக்கும்போது யாரும் கதவைத் தொட வேண்டாம். செலவே இல்லாத திருத்தம். கரெக்டர் டியூனிங்கைவிட இதற்குப் பலன் அதிகம் என்பது என் கருத்து.

ஸ்கேன் முறையில், அதாவது ஸ்டெம்மில் வேலை செய்பவர்களுக்கு இதே 50 ஹெர்ட்ஸ் வேறு வேஷத்தில் வரும். நேரான அணு வரிசையின் ஓரம் ரம்பப் பல்லாக இருக்கும். ஒரு வரியை ஸ்கேன் செய்யும் மொத்த நேரத்தை 20 மில்லிவிநாடியின் முழு மடங்காக வைத்தாலோ, மின்சார அலையோடு ஒத்தியங்க வைத்தாலோ பற்கள் வரிக்கு வரி ஒரே இடத்தில் விழும். ஓரம் நேராகிவிடும். புலம் போய்விடவில்லை, படத்தில் ஒரே மாதிரி வளைவாகத் தங்கியிருக்கிறது. அணுக்களின் இடத்தை அளந்து திரிபு கணக்கிடுகிறவர்கள் அதை மறக்கக் கூடாது.

அறிகுறி: வளையமெல்லாம் அழகான வட்டம், படிகம் மட்டும் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டிருக்கிறது

துகளின் இடது ஓரம் கூர்மை, வலது ஓரத்தில் வரிகள் வெளியே கசிகின்றன. இரட்டை அணுக்களில் ஒன்று தடித்து, ஒன்று மெலிந்து தெரிகிறது. எஃப்எஃப்டியைப் பார்த்தால் குறையே இல்லை. குழப்பம் அதிகம் வரும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

லென்ஸின் பிறழ்ச்சிகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். டிஃபோகஸ் (ஃபோகஸ் விலகல்), இரட்டை ஆஸ்டிக், கோளப் பிறழ்ச்சி ஆகியவை எதிரெதிர் திசையில் போகும் இரண்டு விளிம்பு விளைவு (டிஃப்ராக்ஷன்) கற்றைகளுக்கும் ஒரே கட்டப் பிழையைக் கொடுக்கும். கோமாவும் (புள்ளியை ஒருபக்கமாக வால்போல இழுக்கும் பிழை) மும்மடி ஆஸ்டிக்கும் (மூன்று பக்கமாக இழுப்பது) ஒன்றுக்குக் கூட்டலாகவும் மற்றதற்குக் கழித்தலாகவும் கொடுக்கும். முதல் வகை எஃப்எஃப்டியின் வெளிச்சத்தை மாற்றும், அதனால் வளையமாகத் தெரியும். இரண்டாம் வகை வெளிச்சத்தைத் தொடாது, வரிகளை இடம் மட்டும் நகர்த்தும். ஆகவே எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் ஒற்றை எஃப்எஃப்டியில் கோமா தெரியாது. வட்டமாக இருக்கிறது, எனவே லென்ஸ் சரி என்று முடிவு கட்டுவது இங்கேதான் தவறாகிறது.

தெரிய வைக்கும் வழியை 1978-இல் ஸெம்லினும் கூட்டாளிகளும் கொடுத்தார்கள். பீமை வேண்டுமென்றே சாய்த்து, சுற்றிலும் பல திசைகளில் கார்பனைப் படமெடுத்து, அந்த எஃப்எஃப்டிகளை ஒரு வட்டமாக அடுக்குங்கள். சாய்த்த பீமில் கோளப் பிறழ்ச்சியும் கோமாவும் டிஃபோகஸாகவும் ஆஸ்டிக்காகவும் உருமாறி வளையத்தில் வந்துவிடும். எதிரெதிர் திசைப் படங்கள் ஒன்றுபோல் இருந்தால் கோமா இல்லை. ஒருபக்கம் வளையங்கள் நெருக்கமாகவும் எதிர்ப்பக்கம் விலகியும் இருந்தால் கோமா இருக்கிறது. டேப்லோ என்று சொல்வது இதைத்தான். கரெக்டரின் மென்பொருள் செய்வதும் இதே வேலைதான், எண்ணாகச் சொல்கிறது, அவ்வளவுதான்.

கரெக்டர் இல்லாத கருவியிலும் இதைக் கையால் செய்யலாம். கோளப் பிறழ்ச்சி 1.2 மில்லிமீட்டர் உள்ள லென்ஸில் பீமை 5 மில்லிரேடியன் சாய்த்தால், 30 நானோமீட்டர் ஆஸ்டிக்கும் 60 நானோமீட்டர் ஃபோகஸ் மாற்றமும் வரும். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் அளவு. வலம் இடமாகச் சாய்த்து இரண்டும் ஒன்றாகும்படி பீமைத் திருத்துங்கள், பிறகு மேல் கீழாக. வோல்டேஜ் சென்டர் (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கினாலும் நகராத மையம்) பார்த்துவிட்டேனே என்பார்கள். வோல்டேஜ் சென்டரும் கோமா இல்லாத அச்சும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் லென்ஸுக்குக் கிடையாது. அதே லென்ஸில் வெறும் 0.1 மில்லிரேடியன் சாய்வு 120 நானோமீட்டர் கோமாவைக் கொடுக்கும். 0.2 நானோமீட்டர் இடைவெளிக்கு நாம் பொறுத்துக்கொள்ளக்கூடியது சுமார் 160 தான்.

கரெக்டர் உள்ள கருவியில் 0.1 நானோமீட்டர் குறி என்றால், 200 கிலோவோல்ட்டில் கோமா 20 நானோமீட்டருக்குள், மும்மடி ஆஸ்டிக் 60 நானோமீட்டருக்குள், கோளப் பிறழ்ச்சி 3 மைக்ரோமீட்டருக்குள் இருக்க வேண்டும். எண்ணை ஒப்பிடும் முன் உங்கள் மென்பொருள் எந்தக் குறியீட்டில் பேசுகிறது என்று பாருங்கள். கோமாவை பி2 என்று காட்டுவதற்கும் சி21 என்று காட்டுவதற்கும் மூன்று மடங்கு வித்தியாசம் உண்டு.

ஆனால், இது முக்கியமான ஆனால், இதே அறிகுறியைச் சாம்பிளின் சாய்வும் தரும். எங்கள் அனுபவத்தில் கோமா என்று வருகிற புகார்களில் பெரும்பகுதி சாய்வுதான். படிகம் சோன் அச்சிலிருந்து (அணுத் தூண்கள் நேராகத் தெரியும் திசை) 10 மில்லிரேடியன் விலகி, தடிமன் 20 நானோமீட்டர் என்றால், அணுத் தூணின் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் 0.2 நானோமீட்டர் பக்கவாட்டு விலகல். அரை டிகிரியைவிட ஒரு துளி அதிகம், அவ்வளவே. பிரிப்பது இப்படி. மெல்லிய ஓரத்துக்கு நகருங்கள். சாய்வு என்றால் குறையும், கோமா என்றால் அப்படியே இருக்கும். அடுத்து பக்கத்துத் துகளைப் பாருங்கள். கோமா என்றால் எல்லாத் துகளும் ஒரே திசையில் இழுக்கும். சாய்வு என்றால் ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு. கடைசியாக விளிம்பு விளைவுப் படத்துக்குப் போங்கள். மையப் புள்ளியைச் சுற்றிப் புள்ளிகளின் வெளிச்சம் சமமாக இருக்கிறதா, அல்லது ஒரு வட்டத்தின் வில்லாக ஒருபக்கம் குவிந்திருக்கிறதா? வில் தெரிந்தால் முதலில் படிகத்தைத் திருப்புங்கள். எஃப்எஃப்டியில் எதிரெதிர்ப் புள்ளிகள் எப்போதும் சமமாகத்தான் வரும், கணிதமே அப்படி. அதைப் பார்த்து சாய்வு இல்லை என்று சொல்ல முடியாது. பயன்படுவது வேறு ஜோடி. சிலிக்கான் 110 திசையில் 111 வகைப் புள்ளிகள் நான்கு. ஒரு ஜோடி பலமாகவும் மற்ற ஜோடி பலவீனமாகவும் இருந்தால் சாய்வோ ஆஸ்டிக்கோ நகர்வோ இருக்கிறது. மேலே சொன்ன மூன்று கேள்விகள் மீதியைப் பிரித்துவிடும்.

அணுக்கள் வட்டமாக இல்லாமல் முக்கோணமாகத் தெரிந்தால் மும்மடி ஆஸ்டிக். இது மெதுவாக மாறுவது. காலையில் ஒருமுறை டியூன் செய்தால் நாள் முழுக்கத் தாங்கும். இரட்டை ஆஸ்டிக்கும் ஃபோகஸும் நிமிடக் கணக்கில் மாறும், கோமா நடுவில். ஆகவே படமெடுக்கும் நடுவே முழு டேப்லோ ஓட்டத் தேவையில்லை. ஏ1 மட்டும் போதும், சந்தேகம் வந்தால் கோமா.

அறிகுறி: துகளின் எல்லா ஓரத்திலும் வரிகள் வெளியே வழிகின்றன

எல்லாப் பக்கமும் சமமாக வழிந்தால் யாரும் எதையும் கெடுக்கவில்லை. கோளப் பிறழ்ச்சியின் இயல்பு அது. வட்டச் சமச்சீரான, நிலையான, கற்றைப் பாதையில் மின்னூட்டம் இல்லாத எலக்ட்ரான் லென்ஸ் எதுவானாலும் கோளப் பிறழ்ச்சி நேர்க்குறியாகத்தான் இருக்கும் என்று ஷெர்ஸர் 1936-இல் நிறுவிவிட்டார். கரெக்டர் இல்லாத 1.2 மில்லிமீட்டர் லென்ஸில் நல்ல ஃபோகஸ் சுமார் 66 நானோமீட்டர் அண்டர்ஃபோகஸ், அதில் பகுதிறன் (பிரித்துக் காட்டும் மிகச் சிறிய இடைவெளி) 0.24 நானோமீட்டர். அந்த ஃபோகஸிலும் தங்கத்தின் 111 வரிகள் தம் இடத்திலிருந்து முக்கால் நானோமீட்டர் தள்ளி விழும். மேற்பரப்பில் ஒரு அடுக்கு கூடுதலாக இருக்கிறது என்று கட்டுரை எழுதுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தடையை ஹைடரும் ரோஸும் அர்பனும் அறுமுனை லென்ஸ்களால் தாண்டி, 1998-இல் 200 கிலோவோல்ட் கருவியில் காட்டினார்கள். கரெக்டர் இருந்தும் வழிகிறது என்றால் ஒன்று ஃபோகஸ் அதிகம் தள்ளியிருக்கிறது, அல்லது யாரோ கோளப் பிறழ்ச்சியை வேறு மதிப்பில் விட்டுப் போயிருக்கிறார்கள். பூஜ்யம்தான் சிறந்தது என்றும் இல்லை. பூஜ்யத்தில் மெல்லிய படிகம் கண்ணுக்கே தெரியாமல் போகும். 2003-இல் ஜியாவும் லென்ட்சனும் அர்பனும் கோளப் பிறழ்ச்சியை மைனஸ் 40 மைக்ரோமீட்டருக்குக் கொண்டுபோய், சில நானோமீட்டர் ஓவர்ஃபோகஸில் பெரோவ்ஸ்கைட் என்ற ஆக்சைடு வகைப் படிகங்களின் ஆக்சிஜன் தூண்களைப் பார்த்தார்கள். அணுக்கள் கருமையான பின்னணியில் வெள்ளையாக வரும். ஆக்சைடு படிகம் எடுக்கிறவர்கள் இந்த அமைப்பிலேயே தொடங்கலாம்.

அறிகுறி: அணுக்கள் இங்கே வெள்ளை, அங்கே கருப்பு

ஃபோகஸும் தடிமனும். வேறொன்றும் இல்லை. சிலிக்கானின் 220 இடைவெளி 0.192 நானோமீட்டர், அதன் வரிகள் ஃபோகஸ் 15 நானோமீட்டர் மாறினால் நிறம் புரளும், 29-இல் பழையபடி வந்துவிடும். பளிச்சென்ற படம் வந்துவிட்டது என்பதற்காக ஃபோகஸ் சரி என்று அர்த்தமில்லை, ஒரு சுற்றுத் தள்ளியும் இதே பளிச் வரும். சாம்பிள் ஓரத்தின் கார்பனில் உண்மையான ஃபோகஸைப் பார்த்துக்கொள்ளுங்கள். தடிமனால் வரும் புரளலுக்குக் கருவியில் மருந்து கிடையாது, மெல்லிய இடம் தேட வேண்டும்.

அறிகுறி: எதிர்பார்த்ததைவிட நுணுக்கமான வரிகள்

சந்தோஷப்படும் முன் ஃபோகஸை மாற்றுங்கள். பாதி இடைவெளியில் வரும் வரிகள், எதிரெதிர்க் கற்றைகள் இரண்டும் தங்களுக்குள்ளே குறுக்கிடுவதால் பிறப்பவையாக இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே கட்டப் பிழை என்பதால் ஃபோகஸ் மாறினாலும் அவை புரளாமல் நிற்கும். உண்மையான வரி புரளும். தடித்த படிகத்தில் இந்தப் போலிகள் அதிகம். இதை வைத்துக் கருவியின் பகுதிறனைப் பெருமையாகச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வளையங்கள் எஃப்எஃப்டியின் ஓரத்தில் மோதி உள்ளே மடங்கித் தெரிந்தால் அது வேறு கதை. உருப்பெருக்கம் குறைவு, ஒரு வரிக்குப் போதுமான பிக்சல் இல்லை. உருப்பெருக்கத்தைக் கூட்டுங்கள்.

அறிகுறி: எல்லாத் திசையிலும் வெளி வளையம் சீக்கிரம் அணைகிறது

முதலில் அழுக்கு. பீமின் கீழே ஹைட்ரோகார்பன் படிந்து படிகத்தின்மேல் திரை கட்டும். சில நிமிடம் ஒரே இடத்தில் நின்று, வெளியே வந்து பார்த்தால் கருத்த வட்டம் தெரிகிறதா என்று பாருங்கள். மழைக்காலத்தில் கிரிட் (சாம்பிள் வைக்கும் வலைத்தகடு) பெட்டிகள் ஈரம் குடிக்கும் ஊர் இது. சாம்பிளை வெற்றிடத்தில் வைத்து எடுங்கள், பிளாஸ்மா கிளீனர் இருந்தால் சில விநாடி காட்டுங்கள், கார்பன் படலமே போய்விடும் அளவுக்கு வேண்டாம்.

சாம்பிள் சுத்தமாக இருந்தும் அணைந்தால் எலக்ட்ரான்களின் ஆற்றல் விரிவு. கரெக்டர் கோளப் பிறழ்ச்சியைத்தான் திருத்தும், நிறப் பிறழ்ச்சியை (எலக்ட்ரானின் ஆற்றல் மாறினால் ஃபோகஸும் மாறுவதை) தொடாது. ஷாட்கி வகை எலக்ட்ரான் மூலத்தின் 0.7 எலக்ட்ரான்வோல்ட் விரிவும் 1.2 மில்லிமீட்டர் நிறப் பிறழ்ச்சியும் சேர்ந்து ஃபோகஸை இரண்டு நானோமீட்டர் சுற்றுவட்டத்தில் மங்கச் செய்யும். அதுவே தகவல் எல்லையை (படத்தில் தகவல் வரும் மிக நுணுக்கமான இடைவெளி) 0.1 நானோமீட்டர் பக்கத்தில் நிறுத்திவிடும். இதைவிட மோசமாக இருக்கிறது, முன்பு நன்றாக இருந்தது என்றால் உயர்மின்னழுத்தம் நிலையில்லை. மின்வெட்டுக்குப் பிறகு உயர்மின்னழுத்தத்தை ஏற்றிய அன்றே அணுப்படத்துக்கு உட்கார வேண்டாம்.

அறிகுறி: டியூனிங் முடிவதே இல்லை

ஒவ்வொரு டேப்லோவிலும் எண்கள் தாவுகின்றன, திருத்தத் திருத்த மோசமாகிறது. அளக்கும்போதே அளக்கப்படுவது மாறுகிறது என்று பொருள். கார்பன் படலம் பீமில் சுருங்குகிறதா? படலம் தடித்ததா? குறைந்த உருப்பெருக்க நிலைக்குப் போய்விட்டு இப்போதுதான் திரும்பினீர்களா? லென்ஸ் மின்னோட்டம் மாறினால் வெப்பம் மாறும், சமனாக நேரம் கொடுங்கள். சில்லரின் தண்ணீர் வெப்பநிலை வரைபடத்தைப் பாருங்கள். பத்தில் ஒரு டிகிரிக்கு மேல் ரம்பம்போல ஏறி இறங்கினால், ஆஸ்டிக்கும் அதே தாளத்தில் ஆடும். இரண்டின் நேர இடைவெளி ஒத்துப்போனால் குற்றவாளி சில்லர். எண்கள் நின்றபிறகும் மூன்று முறை தொடர்ந்து ஒரே மதிப்பு வராமல் திருத்தத்தை ஏற்காதீர்கள்.

எடுத்த பிறகு என்ன செய்யலாம்

ஃபோகஸும் ஆஸ்டிக்கும் தெரிந்தால், கடத்தல் சார்பு (லென்ஸ் ஒவ்வொரு இடைவெளியையும் எப்படிக் கடத்துகிறது என்ற கணக்கு) குறி மாறிய இடங்களில் கட்டத்தை 180 டிகிரி திருப்பிப் படிகப் படத்தைக் கணினியில் சரிசெய்யலாம், மெல்லிய படிகத்துக்கு அது நியாயமானது. ஃபோகஸை வரிசையாக மாற்றி எடுத்த படத்தொடரிலிருந்து, சாம்பிளை விட்டு வெளியேறும் அலையையே மீட்டு, மீதமுள்ள கோமாவைக் கூட எண்ணால் கழிக்கலாம். அதிர்வில் அணைந்துபோன வளையத்தை மட்டும் எந்த மென்பொருளும் திருப்பித் தராது. அந்தத் தகவல் படத்திலேயே இல்லை. படிகத்தின் சமச்சீரைப் போட்டுச் சராசரி எடுப்பவர்கள், போடுவதற்கு முன் சாய்வைச் சரிபார்க்க வேண்டும். சாய்ந்த படிகத்தின்மேல் சமச்சீரைப் போட்டால் படம் அழகாகிவிடும், அணுக்களின் இடம் தவறாகவே இருக்கும்.

இவ்வளவும் பார்த்துப் பிழை நிற்கிறது என்றால் சர்வீஸ் இன்ஜினியரைக் கூப்பிடலாம். அவருக்கு அணுப்படத்தை அனுப்பாதீர்கள், அதில் அவருக்கு எதுவும் தெரியாது. கடைசியாக நன்றாக இருந்த நாளின் டேப்லோ, இன்றைய டேப்லோ, ஒரே இடத்தில் இரண்டு எக்ஸ்போஷரில் எடுத்த கார்பன் எஃப்எஃப்டி, லென்ஸ் மின்னோட்ட மதிப்புகள், சில்லர் வரைபடம், இவற்றை அனுப்புங்கள். படமெடுத்த நேரத்தையும் எழுதுங்கள். எங்கள் பக்கத்தவராக இருந்தால், அப்போது ரயில் போனதா என்பதையும் சேர்த்து.